பிரிட்டனில் ஏர்சாஃப்ட் ஆட என்னென்ன வேண்டும்? வேலூர்ப் பக்கத்தவர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்திலிருந்து பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்கள், நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் சத்துவாச்சாரி. வேலை இங்கிலாந்தில், ஞாயிற்றுக்கிழமை காட்டில். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்தில் விதி வேறு.

ஏர்சாஃப்ட் என்றால் என்ன அண்ணா? பெயின்ட்பாலும் அதுவும் ஒன்றா?

இல்லை. பெயின்ட்பாலில் சாயம் நிரம்பிய பெரிய உருண்டை வந்து மேலே உடையும். ஏர்சாஃப்டில் பறப்பது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, அதை எல்லோரும் 'பிபி' என்பார்கள். ஸ்பிரிங், பேட்டரி மோட்டார், கேஸ் என்று மூன்று வழியில் அது வெளியே தள்ளப்படும். அசல் துப்பாக்கி வைத்திருப்பது ஏறக்குறைய முடியாத ஜப்பானில் பிறந்த விளையாட்டு இது. டோக்கியோ மாருய் கம்பெனி 1991-இல் பேட்டரியில் ஓடும் ஃபாமாஸ் (பிரெஞ்சு ராணுவத் துப்பாக்கி) மாடலைக் கொண்டுவந்த பிறகுதான் இன்றைய வடிவம் பிடித்தது.

சாயம் இல்லாததால் யார் மேல் பட்டது என்பதற்கு அடையாளமே கிடையாது. பட்டவர் தானே கையைத் தூக்கி 'ஹிட்' என்று சொல்லிவிட்டு வெளியே வர வேண்டும். அம்பயர் இல்லாத தெரு கிரிக்கெட்டில் பந்து மட்டையை உரசியதும் தானாக நடந்துவிடுகிற பையன் ஒருவன் இருப்பானே, இந்த ஆட்டத்தில் எல்லோரும் அவனாக இருக்க வேண்டும். சொல்லாமல் நிற்கிறவரை, ஆட்டத்தைக் கண்காணிக்கும் மார்ஷல் ஒரு தடவை எச்சரிப்பார், மறுபடி செய்தால் வீட்டுக்கு அனுப்புவார்.

என் மகன் துப்பாக்கி வாங்குகிறேன் என்கிறான். இது நிஜத் துப்பாக்கியா? லைசென்ஸ் வேண்டாமா?

நிஜத் துப்பாக்கி இல்லை அம்மா. பிரிட்டனில் 2017-இல் வந்த சட்டம் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஜூல் என்பது குண்டு பாயும் ஆற்றலின் அளவு. தொடர்ச்சியாகச் சுடுவது என்றால் 1.3 ஜூல், ஒவ்வொன்றாகச் சுடுவது என்றால் 2.5 ஜூல். அதற்குள் இருந்தால் அது ஆயுதக் கணக்கில் வராது, லைசென்ஸும் வேண்டாம்.

சிக்கல் அதன் தோற்றத்தில் இருக்கிறது. 2006-இல் வந்த இன்னொரு சட்டப்படி, அசல் மாதிரியே இருக்கும் போலித் துப்பாக்கியை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். ஏர்சாஃப்ட் ஆடுகிறவர்களுக்கு அதில் விலக்கு உண்டு, ஆனால் ஆடுகிறவர் என்பதைக் காட்ட வேண்டும். எந்த நிறமானாலும் 18 வயது நிரம்பாதவருக்குக் கடையில் விற்க மாட்டார்கள்.

ஆடுகிறவர் என்று எப்படிக் காட்டுவது? யூகாரா என்கிறார்களே, அது என்ன?

யூகாரா என்பது ஏர்சாஃப்ட் விற்பனையாளர் சங்கம் நடத்தும் பதிவேடு. அரசு அலுவலகம் அல்ல, அது கொடுப்பது லைசென்ஸும் அல்ல. அதில் சேர்ந்திருக்கும் ஒரு மைதானத்தில் குறைந்தது மூன்று முறை ஆட வேண்டும். முதல் ஆட்டத்துக்கும் மூன்றாவது ஆட்டத்துக்கும் இடையே 56 நாளாவது கடந்திருக்க வேண்டும். அப்புறம் மைதானத்துக்காரர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். உங்களுக்கு ஓர் எண் வரும், கடைக்காரர் அதைச் சரிபார்த்துவிட்டு விற்பார். ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும்.

56 நாள் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு என்றே 'டூ-டோன்' என்று ஒன்று விற்கிறார்கள். துப்பாக்கியின் பெரும்பகுதி பளிச்சென்ற நீலம், பச்சை, ஆரஞ்சு என்று இருக்கும். அதற்குப் பதிவு எண் தேவையில்லை. நான் வாங்காதே என்றுதான் சொல்வேன். இரண்டு மாதம் கழித்து எண் வந்ததும் அந்த நீலம் கண்ணை உறுத்தும், விற்கப் போனால் பாதி விலைகூடத் தேறாது. இன்னொன்றும் இருக்கிறது: எண் வருவதற்கு முன்பே கறுப்புப் பெயின்ட் அடித்தால் அசல் மாதிரியான போலியைத் 'தயாரித்த' குற்றத்தில் போய் நிற்பீர்கள். செப்டம்பரில் வந்து இறங்கும் மாணவர் உடனே ஆடத் தொடங்கினாலும் எண் கைக்கு வர டிசம்பர் ஆகிவிடும். அதுவரை மைதானத்தில் கிடைக்கும் வாடகைத் துப்பாக்கியே போதும்.

அப்படியென்றால் முதலில் எதை வாங்குவது?

கண்ணுக்கும் காலுக்கும் வாங்குங்கள். துப்பாக்கிதான் கடைசி. வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முந்நூறு பவுண்டுக்குத் துப்பாக்கி, ஐந்து பவுண்டுக்குக் கண்ணாடி.

கண்ணாடியில் 'ஈஎன் 166' என்ற ஐரோப்பியத் தர முத்திரையைப் பாருங்கள், பக்கத்திலேயே ஓர் எழுத்து இருக்கும். 'எஃப்' என்றால் 6 மில்லிமீட்டர் எஃகு உருண்டையை நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் அடித்துச் சோதித்தது. 'பி' என்றால் அதே உருண்டையை 120 மீட்டர் வேகத்தில். அந்த உருண்டையின் எடை 0.86 கிராம். கணக்குப் போட்டால் எஃப் தாங்கியது சுமார் 0.87 ஜூல், பி தாங்கியது 6 ஜூலுக்கு மேல். மைதானத்தில் சாதாரணத் துப்பாக்கிக்கே 1.14 ஜூல் வரை விடுகிறார்கள். எஃப் போதும் என்று ஏற்கும் மைதானங்கள் உண்டு, ஆனால் நான் பி-க்குக் கீழே இறங்க மாட்டேன். முகத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்கார வேண்டும். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸ் எந்த விலையானாலும் இதற்கு ஆகாது.

கம்பி வலைக் கண்ணாடி பனி பிடிக்காது என்று ஆசை காட்டும். பிபி உடைந்தால் அதன் துணுக்கு வலை வழியாக உள்ளே போகும். அதனால் அதை வாய்க்கும் தாடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்கு வேண்டாம். வாயை மூடுவதும் அவசியம்தான். பல் உடைந்தால் பிரிட்டனில் பல் வைத்தியரிடம் நேரம் வாங்குவதே பெரிய பாடு.

ஊரிலிருந்து என்ன எடுத்துக்கொண்டு போகலாம்?

பூட்ஸ். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று உலகத்துக்கே செருப்பும் ஷூவும் தைத்து அனுப்பும் ஊர்களில் பிறந்துவிட்டு, அங்கே போய் முழு விலை கொடுத்து வாங்குவானேன்? ஆம்பூரில் நெடுஞ்சாலையோரம் ஏற்றுமதியில் மிஞ்சியதை விற்கும் கடைகளில் ஏறி இறங்குங்கள். கணுக்காலை மூடும் உயரம் வேண்டும், அடியில் ஆழமான பள்ளங்கள் வேண்டும், கயிறு கட்டுவதாக இருக்க வேண்டும். இங்கிலாந்துக் காட்டில் குளிர்காலம் முழுக்கச் சேறுதான், கணுக்கால் பிசகுவதுதான் அதிகம் நடக்கும் காயம். தொழிற்சாலைக்கான இரும்பு முனை பூட்ஸ் வேண்டாம், நாள் முழுக்க ஓடினால் கால் கனத்துவிடும். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். வாங்கிய கையோடு ஊரிலேயே போட்டு நடந்து பழக்கிவிடுங்கள். பாலமதி மலை ஏறி இறங்கினால் எங்கே கடிக்கிறது என்று தெரிந்துவிடும்.

முழங்கால் பேட், தடித்த சாக்ஸ், பழைய ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக் கோட்டை மட்டும் அங்கேயே வாங்குவது நல்லது. நம் ஊர் மழைக்குத் தைத்தது அந்தக் குளிருக்குத் தாங்காது.

எங்கள் மாமா ராணுவத்தில் இருந்தவர். அவருடைய யூனிஃபார்மை எடுத்துப் போகலாமா?

வேண்டாம். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தார் இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி வருவது இயல்புதான். ஆனால் அந்த உடை அவர் சேவை செய்து பெற்றது, படையில் இல்லாதவர் இந்தியாவில் அதை அணிந்து திரிவது வழக்கில் கொண்டுபோய் விடலாம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தாலும் வீண் கேள்விகள்.

பிரிட்டனில் பழைய ராணுவத் துணி விற்கும் கடைகள் நிறைய. 2010-இல் வந்த எம்டிபி என்ற கலவை நிற பேன்ட், சட்டை அங்கே மலிவாகக் கிடைக்கும், கெட்டித் துணி. முதல் சில ஆட்டங்களுக்கு அதுகூட வேண்டாம். பச்சை, பழுப்பு, கறுப்பு என்று மங்கலான எந்த உடையும் போதும்.

நான் பவர் கண்ணாடி போடுகிறவன். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை யாருமே முதலில் கேட்பதில்லை. போய் முதல் ஆட்டத்தில் கண்ணாடி முழுக்கப் பனி படிந்து, எதிரே நிற்பவர் நம் ஆளா இல்லையா என்று தெரியாமல் நின்ற பிறகு கேட்கிறார்கள். வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது புது அனுபவம். வெளியே 5 டிகிரி குளிர், உள்ளே ஓடிய உடம்பின் சூடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு. மூச்சில் உள்ள ஈரம் அதில் வந்து ஒட்டத்தான் செய்யும்.

கான்டாக்ட் லென்ஸ் பழகியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இல்லாவிட்டால் பெயின்ட்பாலுக்கு விற்கும் முழு முகமூடியில் 'தெர்மல்' லென்ஸ் போட்டதை வாங்குங்கள். அதில் இரண்டு தகடும் நடுவில் காற்று இடைவெளியும் இருப்பதால் உள்தகடு அவ்வளவு குளிராது. பவர் கண்ணாடியும் உள்ளே அடங்கும். பனி பிடிக்காமலிருக்கத் தடவும் திரவத்தை உங்கள் சொந்தக் கண்ணாடிக்கும் சேர்த்துத் தடவ வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டினால் மூச்சு மேலே ஏறி நேராகக் கண்ணாடிக்குத்தான் போகும், கொஞ்சம் தளர்த்துங்கள்.

எவ்வளவு பனி படிந்தாலும் ஆட்டக் களத்துக்குள் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. கையைத் தூக்கிக்கொண்டு பாதுகாப்புப் பகுதிக்கு நடந்து வந்து, அங்கே கழற்றித் துடையுங்கள்.

நான் மேல்விஷாரம். தலையில் துப்பட்டா போடுவேன். பெண்கள் ஆடுகிறார்களா?

ஆடுகிறார்கள், எண்ணிக்கை குறைவு. துப்பட்டா தடையே இல்லை. பருத்தியில் நெருக்கமாகச் சுற்றி முனைகளை உள்ளே செருகிவிட்டு, அதன் மேல் முகமூடி வாரை மாட்டுங்கள். கழுத்தும் காதும் மூடியிருப்பதால் உங்களுக்கு வலி குறைவு என்பதுதான் உண்மை. வழுக்கும் துணியாக இருந்தால் முகமூடி நழுவும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலிக்குமா?

வலிக்கும். தடித்த உடை மேல் என்றால் தட்டினாற்போல, வெறும் தோலில் என்றால் சுரீர் என்று. சிவந்த தழும்பு ஓரிரு நாள் இருக்கும். விரல் முட்டியில் படுவதுதான் மோசம், கையுறை போடுங்கள்.

சரி, எண் வந்துவிட்டது. முதல் துப்பாக்கி எது வாங்கலாம்?

பேட்டரியில் ஓடும் எம்4 (அமெரிக்க ராணுவத் துப்பாக்கி) மாதிரி. இதைவிட ரசனையான மாடல்கள் ஆயிரம் உண்டு. ஆனால் எம்4-க்கு மேகசின் (பிபி நிரப்பி மாட்டும் பெட்டி) எந்தக் கடையிலும் கிடைக்கும், பக்கத்தில் நிற்பவரிடமே கடன் கேட்கலாம், பழுதுபார்க்கத் தெரிந்தவரும் ஒவ்வொரு மைதானத்திலும் இருப்பார். தைவானின் ஜி அண்ட் ஜி, போலந்தின் ஸ்பெக்னா ஆர்ம்ஸ் இரண்டிலும் தொடக்கக்காரர்களுக்கான வரிசை இருக்கிறது. சுமார் 150 முதல் 200 பவுண்டில் ஒழுங்கான ஒன்று கிடைக்கும். பழையது வாங்குவதானால் மைதானத்திலேயே, சுட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கிய மறுநாளே உள்ளே பிரித்து ஸ்பிரிங் மாற்றுகிற ஆசை நம் பொறியியல் மாணவர்களுக்குக் கட்டாயம் வரும். ஓராண்டு தள்ளிப்போடுங்கள். ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் வேக அளவையில் தோற்று, அன்றைக்கு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

வேக அளவை என்றால்?

காலையில் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் 'குரோனோ' என்ற கருவியின் முன் சுட்டுக் காட்ட வேண்டும். 0.20 கிராம் பிபி நொடிக்கு 350 அடிக்கு மேல் போகக் கூடாது என்பது பல மைதானங்களில் உள்ள வழக்கம். அதுதான் முன்னே சொன்ன 1.14 ஜூல். தூரத்தில் ஒளிந்திருந்து ஒவ்வொன்றாகச் சுடும் ஸ்னைப்பர் வகைக்கு 500 அடி வரை விடுவார்கள்.

நான் ஸ்னைப்பராக ஆடலாம் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வேகம் அதிகம் என்பதால் 30 மீட்டருக்குள் இருப்பவரை அதனால் சுடக் கூடாது, கிட்டத்து ஆட்டத்துக்குக் கைத்துப்பாக்கி தனியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும், கனமான பிபி வேண்டும், அது விலை. நாள் முழுக்க ஈரத் தழையில் குப்புறப் படுத்திருந்து இரண்டு பேரை வீழ்த்திவிட்டு வருவதில் சுகம் காண்கிற மனசு சிலருக்கு உண்டு. உங்களுக்கு உண்டா என்று வாடகைத் துப்பாக்கியிலேயே பார்த்துவிடுங்கள்.

பிபியில் என்ன வித்தியாசம்? எல்லாம் பிளாஸ்டிக்தானே?

எடை. 0.20 கிராம் காற்றில் அலையும். வெட்டவெளியில் 0.25 அல்லது 0.28 வாங்குங்கள். குழாயின் உள்ளே 'ஹாப்-அப்' என்று ஒரு சின்ன ரப்பர் இருக்கும். அது பிபியைப் பின்பக்கமாகச் சுழற்றிவிடுவதால் சீக்கிரம் தரையிறங்காமல் மிதந்து போகும். பிபி மேலே ஏறினால் ஹாப்பைக் குறையுங்கள், சட்டென்று விழுந்தால் கூட்டுங்கள். எடை மாற்றும்போதெல்லாம் இதைத் திருப்ப வேண்டும். ஒரு கிலோ 0.25 பையில் 4,000 பிபி இருக்கும், புதியவருக்கு இரண்டு மூன்று ஞாயிறு ஓடும். காட்டு மைதானங்கள் மண்ணில் மக்கும் வகையைத்தான் கேட்கும். கீழே விழுந்ததைப் பொறுக்கிப் போடாதீர்கள், ஒட்டிய மண் உள்ளே போனால் குழாய் கெடும்.

பேட்டரி, சார்ஜர்?

7.4 வோல்ட் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) போதும். 11.1 வேண்டாம், தொடக்க விலைத் துப்பாக்கிகளின் பற்சக்கரம் சீக்கிரம் தேயும். அதற்குள் இருக்கும் இரண்டு செல்லையும் சமமாக ஏற்றும் 'பேலன்ஸ்' சார்ஜர்தான் வாங்க வேண்டும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பாழ். அடுத்த ஆட்டம் வரை வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி, துப்பாக்கியிலிருந்து கழற்றி, தீப்பிடிக்காத பையில் வையுங்கள். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். உப்பிப் போனதை அடுத்த நிமிடமே தூக்கிப் போடத் தயாராக இருங்கள், குப்பைத் தொட்டியில் அல்ல, பேட்டரி சேகரிக்கும் இடத்தில்.

கேஸ் கைத்துப்பாக்கி?

கோடையில் வாங்குங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் புரொப்பேன். 20 டிகிரியில் அதற்கு இருக்கும் அழுத்தம் 0 டிகிரியில் ஏறக்குறைய பாதிதான். ஜனவரியில் 'புஸ்' என்று சத்தம் மட்டும் வரும்.

மைதானத்துக்கு ரயிலில் துப்பாக்கியைக் கொண்டு போகலாமா?

போகலாம், ஆனால் எதைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியக் கூடாது. நியாயமான காரணம் இல்லாமல் பொது இடத்தில் போலித் துப்பாக்கி வைத்திருப்பது பிரிட்டனில் குற்றம். ஆட்டத்துக்குப் போவது நியாயமான காரணம்தான். அதற்காகப் பிளாட்பாரத்தில் பையைத் திறந்து நண்பனுக்குக் காட்டலாம் என்று பொருள் இல்லை. யாராவது பார்த்துப் போன் போட்டால் வருவது ஆயுதம் ஏந்திய போலீஸ், உங்கள் கையில் இருப்பது பிளாஸ்டிக் என்று அவர்களுக்குத் தெரியாது. நம் நிறத்தையும் தாடியையும் பார்த்து இன்னும் பதறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மேகசின் தனி, பேட்டரி தனி, துப்பாக்கி பூட்டிய பெட்டியில். ராணுவ உடையை மைதானம் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான மைதானங்களுக்குப் பஸ்ஸே கிடையாது. கார் வைத்திருக்கும் ஆட்டக்காரர் ஒருவரைப் பழக்கம் பிடித்துக்கொள்வதுதான் வழி. பெட்ரோலுக்குப் பங்கு கொடுங்கள், ஊரிலிருந்து வந்த ஆற்காட்டு மக்கன் பேடா இருந்தால் அதையும்.

இதனால் விசாவுக்கு ஏதாவது ஆகுமா?

ஆடுவதால் ஆகாது. போலீஸ் வழக்கில் மாட்டினால் ஆகும். விசா நீட்டிப்புப் படிவத்தில் தண்டனை, எச்சரிக்கை எல்லாவற்றையும் கேட்பார்கள். நர்ஸாக இருப்பவர்கள் தங்கள் பதிவு ஆணையத்துக்கும் சொல்ல வேண்டியிருக்கும். உள்ளூர்ப் பையன் ஒருவன் திட்டு வாங்கிக்கொண்டு தப்பிக்கிற விஷயத்தில் நமக்கு வேலையே போகலாம். விடுதி அறையில் சன்னல் ஓரம் துப்பாக்கியோடு நிற்பது, தெருவில் கையில் பிடித்துப் படம் எடுப்பது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். மைதானத்தில் எடுத்த படத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டால் பாட்டிக்கு ரத்தக் கொதிப்பு ஏறும், அது வேறு.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

துப்பாக்கி, முகமூடி, பிபி எல்லாம் சேர்த்த வாடகை நாளுக்குச் சுமார் 40 முதல் 60 பவுண்டு. சொந்தச் சாமான் இருந்தால் நுழைவு 25 முதல் 40. நல்ல முகமூடி, துப்பாக்கி, பேட்டரி, சார்ஜர், இரண்டு மூன்று மேகசின் எல்லாம் சேர்ந்து 300 பவுண்டுக்குள் முடிக்கலாம். மாதம் ஒரு முறைதான் ஆடப்போகிறீர்கள், படிப்பும் ஒரு வருடம்தான் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகையே லாபம்.

எனக்கு வேலை ஜெர்மனியில். அங்கே எப்படி?

0.5 ஜூலுக்கு மேற்பட்டதென்றால் 18 வயது, துப்பாக்கி மேல் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' முத்திரை, ஒவ்வொன்றாக மட்டுமே சுடும் வகை. தொடர்ச்சியாகச் சுடுவது அந்த அளவுக்கு மேல் கூடாது. வெளியே எடுத்துப் போவது பூட்டிய பெட்டியில்தான். ஜப்பானில் உச்சவரம்பு சுமார் 0.98 ஜூல். அமெரிக்காவில் விற்பனைக்கு வரும் துப்பாக்கியின் முனை ஆரஞ்சாக இருக்க வேண்டும், மாநிலத்துக்கு மாநிலம், நகரத்துக்கு நகரம் கூடுதல் விதிகள் உண்டு. சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் இந்த ஆசையை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், அங்கே இதை வைத்திருப்பதே குற்றம்.

ஊருக்குத் திரும்பும்போது துப்பாக்கியைக் கொண்டுவரலாமா?

கொண்டுவராதீர்கள். சென்னை விமான நிலையச் சுங்கத்தில் நின்று அது பொம்மைதான் என்று விளக்குவதற்குள் காட்பாடி ரயில் போயிருக்கும், துப்பாக்கியும் போயிருக்கும். கேஸ் டப்பா விமானத்தில் ஏறவே கூடாது. பூட்ஸ், முழங்கால் பேட், உடை எல்லாம் தாராளமாக வரலாம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே விற்றுவிடுங்கள். தனியாருக்கு விற்றாலும் அதே சட்டம்தான், வாங்குகிறவர் ஆடுகிறவர் என்று நீங்கள் உறுதி செய்துகொள்ள வேண்டும். அறைத் தோழனுக்கு அன்பளிப்பாகக் கொடுப்பதும் வேண்டாம். உங்கள் மைதானத்திலேயே பதிவு எண் உள்ளவருக்குக் கொடுப்பது சுலபம். அவசரம் என்றால் பழையதை வாங்கும் ஏர்சாஃப்ட் கடைக்குப் போங்கள், விலை குறைத்துத்தான் கேட்பார்கள்.